நார்மல் ரத்தம்

எங்கள் ஆய்வகத்தில் ஒரு வழக்கம் உண்டு. சோதனைக்கு ஆரோக்கியமானவர் ரத்தம் வேண்டுமென்றால் வெளியே அலைய மாட்டோம். எங்களில் யாராவது கையை நீட்டுவோம். அன்று என் முறை.

நான் தயாரித்திருந்தது ஒரு சாயம். உயிருள்ள செல்லுக்குள் ஈயம் இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு பச்சையாக ஒளிரும், இல்லையென்றால் இருட்டு. வேண்டுமென்றே ஈயம் சேர்த்த செல்கள் ஒளிர வேண்டும், என்னுடையவை இருண்டு கிடக்க வேண்டும். மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தால், இரண்டுமே பச்சை.

"பாத்திரத்தை ஒழுங்கா கழுவலையா?" என்று பேராசிரியர் எரிந்து விழுந்தார். அமிலத்தில் ஊறவைத்துக் கழுவி மறுபடி பார்த்தேன். மறுபடியும் பச்சை. அடையாறிலிருந்து வரும் மாணவி கை நீட்டினாள். அவள் செல்கள் இருட்டு. "இதுதான் நார்மல்" என்று பேராசிரியர் நிம்மதியாகச் சொல்லி, அந்தப் படத்தையே கட்டுரையில் போட்டார். என் ரத்தம் குப்பைக்குப் போனது. திருவொற்றியூர்க்காரி நான், நார்மலில் சேர்த்தியில்லை போலிருக்கிறது.

காரணம் எனக்குத் தெரியும். அண்ணன் எண்ணூர் பக்கம் பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் ஷெட்டில் வேலை செய்கிறான். ஒரே வீடு, ஈயத்தூள் படிந்த அவன் துணியோடு எல்லார் துணியும் ஒரே பக்கெட்டில். அவன் செருப்பைக் கழற்றும் முன்பே மகள் ஓடிவந்து சட்டையில் முகம் புதைப்பாள். என்னை விடுங்கள், அவளுக்கு நாலு வயது.

அன்று சாயங்காலம் வாசலிலேயே மறித்தேன். "குளிச்சிட்டு அப்புறம் புள்ளைய தூக்குண்ணா."

அவன் முகம் சுண்டிப்போனது. "இன்னாமே, நீ படிச்சிட்ட, நான் கலீஜா உனுக்கு?"

விளக்கிச் சொன்ன பிறகு குழந்தையைப் பெரிய ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனோம். அவள் ரத்தத்திலும் ஈயம், அதுவும் அதிகமாக. "அந்த வேலையை விட்டுடுங்க" என்றார் டாக்டர், ஏதோ வேறு வேலைகள் தெருவில் கொட்டிக் கிடப்பதுபோல. ஷெட் முதலாளி தன் பங்குக்கு ஒரு சோப்புக் கட்டி கொடுத்தார்.

இப்போது அண்ணன் ஷெட்டிலேயே குளித்து, சட்டை மாற்றிக்கொண்டு வருகிறான். வீட்டுக்கு வந்து இன்னொரு முறை குளிக்கிறான். அப்படியும் மகள் ஓடிவந்தால் இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்கிறான். "இப்ப தூக்கலாம்ணா" என்று நான் எத்தனை முறை சொன்னாலும் கேட்பதில்லை.

நேற்று அவள் என் மடியில் வந்து உட்கார்ந்தாள். "அத்த, அப்பாக்கு என் மேல கோவமா?"

"இல்லடி கண்ணு" என்றேன். அவள் நம்பவில்லை.