சத்தத்தை விழுங்கும் கருவியோடு சூரத்துக்கு

ஆரணியிலிருந்து மீனம்பாக்கம் விமான நிலையம் ஏறக்குறைய நூற்று முப்பது கிலோமீட்டர். செய்யாறு, காஞ்சிபுரம், ஒரகடம் வழியாகப் போனால் மூன்று மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேலே ஆகும். வாடகைக் கார் மூவாயிரத்து இருநூறு ரூபாய், டோல் தனி. காலை 5.40க்குக் கிளம்பினோம். செய்யாறு வருவதற்குள் எனக்குக் கோபம் வந்துவிட்டது. இந்தப் பயணம் முழுக்க அது என்னை விட்டு இறங்கவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

சூரத்தில் பழைய ரேப்பியர் தறி ஒன்று, நாடா இல்லாமல் வேகமாக நெய்யும் ரகம், விலைக்கு வந்திருந்தது. அதைப் பார்க்கத்தான் போனோம். எனக்கு ஆரணியில் பன்னிரண்டு பவர்லூம் ஓடுகிற ஒரு பட்டறை இருக்கிறது. கூட வந்தவன் என் மேஸ்திரி. அவனை இங்கே ஏகாம்பரம் என்று எழுதுகிறேன், அது அவன் பெயர் அல்ல. இருபத்திரண்டு வருடமாக என் பட்டறையில் இருக்கிறான். தறி ஓடும் சத்தத்தைக் கேட்டே எந்த இடத்தில் என்ன கோளாறு என்று சொல்லிவிடுவான். பழைய தறி வாங்கப் போகிறவனுக்கு அந்தக் காதைவிடப் பெரிய துணை கிடையாது. அதற்காகத்தான் விமான டிக்கெட் ஆறாயிரத்து நானூறு கொடுத்து அவனையும் அழைத்துக்கொண்டேன்.

இனி என் காதின் கதை. முதலாளியாகும் முன்பு பத்து வருடம் நானும் தறி ஓட்டியவன். வலது காது போய்விட்டது. போன வருடம் ஒரு முறை விமானத்தில் போய்வந்து, இன்ஜின் இரைச்சலில் மூன்று நாள் தலையைத் தூக்க முடியாமல் கிடந்தேன். வேலூர் டாக்டர், "வலது காது போனது போனதுதான், இடதையாவது காப்பாற்றிக்கொள்ளுங்கள்" என்றார். மிச்சமிருக்கும் அந்த ஒரு காதில்தான் என் வியாபாரம் முழுவதும் நடக்கிறது. போனில் பேச முடியாத புடவை வியாபாரியை எந்தக் கடைக்காரன் சீண்டுவான்?

இதைக் கேள்விப்பட்ட மச்சினன் மகன்தான் சத்தத்தை அடக்கும் இயர்பட்ஸ் என்று ஒன்றைக் கை காட்டினான். "மாமா, இத்த போட்டுகினீங்கன்னா பிளேன் பறக்கறதே தெரியாது" என்றான். பழைய பேருந்து நிலையத்துப் பக்கம் ஒரு கடையில் பதினோராயிரத்துத் தொள்ளாயிரத்துத் தொண்ணூறு ரூபாய்க்கு வாங்கினேன். சுண்டைக்காய் அளவில் இரண்டு. கடைக்காரர் பேசிய பேச்சில், ஐம்பத்தைந்து வயதில் எனக்கு மறுபடியும் காது குத்தியாயிற்று.

காரில் டிரைவர் வேலு பாட்டை அலற விட்டிருந்தார். சோதித்துப் பார்ப்போமே என்று இயர்பட்ஸை மாட்டினேன். காரின் உறுமல் அடங்கியது. பாட்டு அடங்கவில்லை. முன்பைவிடத் துல்லியமாக, வரி வரியாகக் கேட்டது. நான் முறைப்பதைக் கண்ணாடியில் பார்த்துவிட்டு வேலு சொன்னார்:

"சார், அதுல இன்ஜின் சத்தம் தான் சார் அடங்கும். பாட்டு, பேச்செல்லாம் அடங்காது. என் மச்சான் கூட வாங்கிகினு வந்து பேஜாராயிட்டான்."

இதைக் கடைக்காரர் சொல்லவில்லை. பன்னிரண்டாயிரம் ரூபாய்ப் பொருளைப் பற்றிய உண்மையை ஒரு டிரைவர் ஓசியில் சொல்ல வேண்டியிருக்கிறது. முன்சீட்டில் இருந்த ஏகாம்பரத்திடம் வேலு ஏதோ கேட்டார். அவன் பதில் சொல்லவில்லை. மறுபடி கேட்டபிறகுதான் திரும்பினான். முதல் விமானப் பயணம், பயத்தில் இருக்கிறான் என்று நினைத்துக்கொண்டேன்.

காலை 11.15. விமான நிலையத்துக்குள் ஒரு டீ நூற்று அறுபது ரூபாய். வாயில் வைக்க முடியவில்லை, வைத்தேன். நான் இயர்பட்ஸோடு கண்ணை மூடிச் சாய்ந்திருந்தபோது ஏகாம்பரம் தோளைப் பிடித்து உலுக்கினான். கேட் மாறிவிட்டதாம், பலகையில் எண்ணை மாற்றிப் போட்டிருக்கிறார்களாம்.

"போர்டையே பாத்துகினு இருந்தேன் மொதலாளி. தறி மாதிரி தான். கண்ண எடுத்தா போச்சு" என்றான். ஓடினோம். அவன் மட்டும் இல்லையென்றால் நான் அங்கேயே நிம்மதியாகத் தூங்கி, விமானத்தைக் கோட்டை விட்டிருப்பேன்.

பகல் 12.50. எங்களுக்குப் பதினேழாவது வரிசை, இறக்கைக்குப் பக்கத்தில். சத்தம் அதிகமாக இருக்கும் இடம் அதுதானாம். விமானம் மேலேறியதும் இயர்பட்ஸை மாட்டி, அதன் பொத்தானைத் தொட்டேன். உள்ளதைச் சொல்ல வேண்டும்: இன்ஜின் இரைச்சலை யாரோ துணி போட்டு மூடியதுபோல அமுங்கிப்போனது. அந்த ஒரு நிமிடம் மச்சினன் மகனை மனதாரப் பாராட்டினேன். அடுத்த நிமிடம் மூன்று வரிசை தள்ளி ஒரு குழந்தை அழத் தொடங்கியது. இன்ஜின் சத்தம் இருந்திருந்தால் அந்த அழுகை பாதி அதிலேயே கரைந்திருக்கும். இப்போது என் மடியில் உட்கார்ந்து அழுவதுபோல் இருந்தது. முன்சீட்டு மனிதர் தன் பங்காளியின் நிலத் தகராறை முழுவதும் சொன்னார். சர்வே எண் உட்பட எனக்கு மனப்பாடம். ஊரார் வழக்கைத் தெளிவாகக் கேட்கவா நான் இவ்வளவு கொடுத்தேன்?

பொருமிக்கொண்டே இயர்பட்ஸைக் கழற்றினேன். "நான் ஒருவாட்டி போட்டு பாக்கட்டுங்களா?" என்றான் ஏகாம்பரம். நானே அவன் காதில் பொருத்திப் பொத்தானைத் தொட்டேன்.

அவன் துள்ளி எழுந்தான். பெல்ட் மட்டும் இல்லையென்றால் தலை கூரையில் இடித்திருக்கும்.

"மிஷினு நின்னுபோச்சு! மொதலாளி, நின்னுபோச்சு!"

பட்டறைக் குரல் அது. பன்னிரண்டு தறி ஓடும்போது கோடிவரை கேட்க வேண்டும் என்று பழகிய குரல். விமானம் முழுவதும் கேட்டது. முன்னால் ஒரு அம்மாள் "முருகா" என்று கத்தினார். ஒருவர் ஜன்னலுக்குப் பாய்ந்தார். பணிப்பெண் ஓடி வந்தாள்.

எங்கள் ஆட்களுக்குத்தான் இது புரியும். பட்டறையில் சத்தம் இருந்தால் எல்லாம் சரியாக இருக்கிறது என்று பொருள். சத்தம் நின்றால் இழை அறுந்திருக்கும், இல்லை கரண்ட் போயிருக்கும். நின்ற நொடியே, மூளை யோசிப்பதற்குள், உடம்பு எழுந்துவிடும். அந்தப் பதற்றத்தில் அவனிடம் வாயால் சொல்லிப் பயனில்லை. பட்டறையில் நாங்கள் கையால்தான் பேசிக்கொள்வோம். உள்ளங்கையை விரித்துக் காட்டினால் தறி நின்றுவிட்டது என்று அர்த்தம், ஆள்காட்டி விரலைச் சுழற்றினால் ஓடுகிறது என்று அர்த்தம். ஜன்னலைக் காட்டி விரலைச் சுழற்றினேன். அவன் எட்டிப் பார்த்தான், பெருமூச்சு விட்டு உட்கார்ந்தான். பணிப்பெண் தமிழ்ப் பெண்தான். "தண்ணி குடிக்கிறீங்களா சார்?" என்று அவனிடம் மூன்று முறை கேட்டாள். இயர்பட்ஸைக் கழற்றிய பிறகுதான் மூன்று முறையும் கேட்டாள். அதை அப்போது நான் கவனித்தேன், ஆனால் யோசிக்கவில்லை.

வரிசை வரிசையாகச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஏகாம்பரமும் வெட்கத்தோடு சிரித்து, மறுபடி மாட்டிக்கொண்டு கண்ணை மூடினான். பத்து நிமிடம் இருக்கும். கழற்றி என் கையில் வைத்தான்.

"இது ரிப்பேரு மொதலாளி. ஏமாத்திட்டானுங்க. உள்ள ஒண்ணு கத்திகினே கீது."

"என்ன கத்துது?"

"ஙொய்ய்ன்னு. சன்னமா."

வாங்கி என் காதில் வைத்துப் பார்த்தேன். இடது, வலது மாற்றியும் பார்த்தேன். எந்தச் சத்தமும் இல்லை.

"ஒண்ணும் கேக்கலியேப்பா."

"இன்னா மொதலாளி, ஊட்ல சும்மா படுத்தாக்கூட கேக்குமே, அந்தச் சத்தம் தான். எல்லாருக்கும் கேக்கறது தானே?"

அந்தச் சத்தத்தைப் பற்றி வேலூர் டாக்டர் என்னிடம் கேட்டிருக்கிறார். "காதுக்குள் தானாக இரைச்சல் கேட்கிறதா? கேட்டால் நரம்பு கெட்டிருக்கிறது என்று பொருள், அதை நிறுத்த மருந்து இல்லை" என்றார். எனக்கு இல்லை என்று சந்தோஷமாக வீட்டுக்கு வந்தேன்.

"எப்பலேர்ந்து கேக்குது?"

"யாருக்குத் தெரியும்? பெரிய பொண்ணு பொறந்தப்பவே இருந்துது."

அவன் பெரிய பெண் இப்போது கல்லூரியில் படிக்கிறாள்.

மாலை 3.10. விமானம் இறங்கும்போது காது அடைத்து வலித்தது. அதற்கும் அந்தக் கருவி உதவாது. மாட்டியிருந்தால் வலி கூடத்தான் செய்கிறது. கழற்றிவிட்டு எச்சிலை விழுங்குவதே நல்லது. போகிறவர்களுக்குச் சொல்லிவைக்கிறேன்.

மறுநாள் காலை 10 மணி. விடுதியிலிருந்து தொழிற்பேட்டைக்குப் பதினெட்டு கிலோமீட்டர், ஆட்டோ இருநூற்று எண்பது ரூபாய். ஆலை வாசலில் ஒரு டப்பா தொங்கியது. அதில் ஆரஞ்சு நிறத்தில், விரல் நுனி அளவு பஞ்சு அடைப்பான்கள். அதைக் காதில் வைக்காமல் உள்ளே விட மாட்டேன் என்று மேற்பார்வையாளர் மறித்தார்.

"காத மூடிகினு தறிய எப்டி பாக்கறது?" என்று ஏகாம்பரம் சண்டைக்குப் போனான். எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் கெஞ்சி, தறிக்குப் பக்கத்தில் இரண்டு நிமிடம் மட்டும் கழற்ற அனுமதி வாங்கினேன்.

ஏகாம்பரம் தறியின் சட்டத்தில் உள்ளங்கையை வைத்துத் தலையைச் சாய்த்து நின்றான். அவன் அப்படி நின்றால் பட்டறையில் யாரும் பேச மாட்டோம். பிறகு என் காதருகே குனிந்தான்.

"சுத்தமா கீது மொதலாளி. வாங்கிடலாம்."

வலது பக்கம் பேரிங்கிலிருந்து கீச்சென்று ஒரு மெல்லிய சத்தம் வந்துகொண்டே இருந்தது. எனக்கு, ஒற்றைக் காதுக்காரனுக்கு, கேட்டது. அவனை அந்தப் பக்கம் இழுத்துப்போய், "நல்லா கேளு" என்றேன். கேட்டான். இன்னும் குனிந்து கேட்டான். என்னைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை.

வெளியே வந்ததும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"ஷெட்ல சொல்லிடாதீங்க. இந்தக் காத வெச்சித்தான் நான் மேஸ்திரி."

அதுவரை நான் கடைக்காரர் மேலும் மச்சினன் மகன் மேலும் கோபப்பட்டுக்கொண்டிருந்தேன். அந்தக் கோபத்துக்கெல்லாம் இனி என்ன மரியாதை? மேற்பார்வையாளரிடம் அந்த அடைப்பான் என்ன விலை என்று கேட்டேன். ஜோடி எட்டு ரூபாய் என்றார். எட்டு ரூபாய்! இரண்டு மணி நேர இரைச்சலுக்கு என் காதைக் காப்பாற்ற ஊரெல்லாம் விசாரித்தேன். பட்டறைக்குள் என் ஆபீஸ் அறைக்கு இரட்டைக் கண்ணாடிக் கதவு போட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம் நிற்பவர்களுக்கும் காது இருக்கிறது என்பது இருபத்திரண்டு வருடத்தில் ஒரு நாள்கூட எனக்குத் தோன்றவில்லை. காதில் கழிவு நூலைத் திருகிச் செருகிக்கொண்டு அவர்கள் வேலை செய்வதைக் கண்ணாடி வழியாகப் பார்த்திருக்கிறேன். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்குத் தெரிந்தேதான் இருந்தது. செருப்பால் அடித்தாலும் தகும்.

திரும்பும் விமானத்தில் இயர்பட்ஸை அவனிடமே நீட்டினேன். வேண்டாம் என்று தள்ளினான்.

"அத்த போட்டா உள்ள கீறது தான் பெருசா கேக்குது. இன்ஜினு கத்தட்டும் மொதலாளி, அதுவே தேவல."

விமானத்துக்கு இந்தக் கருவி எப்படி என்று கேட்பவர்களுக்கு இதற்கு மேல் நான் என்ன சொல்ல? நல்ல காது உள்ளவர்களுக்கு நல்ல பொருள். சென்னை வரும்வரை அது என் சட்டைப் பையிலேயே இருந்தது.

ஆரணிக்கு வந்த மறுநாள் அவனை வேலூருக்கு அழைத்துப்போனேன். பஸ்ஸில் ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டர். போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்றுங்கள் என்று என்னிடம் சொன்னதையே டாக்டர் அவனிடமும் சொன்னார். என்னிடம் சொன்னபோதே அது அவனுக்கும் சேர்த்துச் சொன்னதுதான்.

சூரத்திலிருந்து ஒரு பெட்டி அடைப்பான் வாங்கி வந்திருந்தேன். பட்டறையில் எட்டுப் பேரையும் கூப்பிட்டுக் கொடுத்தேன்.

"இன்னா மொதலாளி, காத அடைச்சிகினா எழை அறுந்தது எப்டி தெரியும்?" என்று சிரித்தார்கள். "நம்ம காது மரத்துப் போச்சுங்க, ஒண்ணும் ஆவாது" என்றார் ஒருவர். நான் கத்தினேன். ஆபீஸ் கதவை இன்று கழற்றப்போகிறேன், நானும் மாட்டிக்கொண்டுதான் உட்காரப்போகிறேன், இது இல்லாமல் யாரும் தறியைத் தொடக் கூடாது என்று கத்தினேன். ஏகாம்பரம் பெட்டியிலிருந்து ஒன்றை எடுத்து, விரலில் உருட்டி, முதல் ஆளாகக் காதில் வைத்துக்கொண்டான். மேஸ்திரி வைத்ததும் மற்றவர்கள் முணுமுணுத்துக்கொண்டே வைத்தார்கள். நான் சூரத்தில் நடந்ததைச் சொல்லவில்லை. இதை எழுதக்கூட, பேரைப் போடாமல் எழுதச் சொல்லி அவன் சம்மதித்த பிறகுதான் உட்கார்ந்தேன்.

மாலை நாலரைக்குக் கரண்ட் போனது. பன்னிரண்டு தறியும் நின்றன. எல்லாரும் அடைப்பான்களை எடுத்துவிட்டு டீ குடிக்கக் கிளம்பினார்கள். தெருவில் காய்கறி வண்டிக்காரர் கத்தரிக்காய் விலை சொல்வதுகூடக் கேட்டது. ஏகாம்பரம் மட்டும் தன் தறியருகே நின்றிருந்தான். நான் உள்ளங்கையை விரித்துக் காட்டி, நின்றுவிட்டதா என்று கேட்டேன்.

அவன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். பிறகு ஆள்காட்டி விரலைச் சுழற்றினான்.