ஒரு காலா, ரெண்டு காலா?

டன்லப் ஸ்ட்ரீட்டில் செருப்புக் கடை வைத்திருக்கும் சம்சுன்னிசாவிடம் மாசமான பெண் யார் போனாலும் முதல் கேள்வி இதுதான்: "வீக்கம் ஒரு காலா, ரெண்டு காலா?" சிலர் சிரிப்பார்கள். "என்ன ஆன்ட்டி, டாக்டர் மாதிரி கேக்குறீங்க?" என்பார்கள். அவர் சிரிக்க மாட்டார். போன வருஷமே இதைக் கேட்கத் தெரிந்திருந்தால் ஓர் உயிர் போயிருக்காதே என்று அவர் மனசு இன்னும் அடித்துக்கொள்கிறது.

இருபத்திரண்டு வருஷமாகக் கால்களைப் பார்த்தே பிழைப்பவர். கணவர் இப்ராஹீம் மௌத்தான பிறகு தனியாளாகக் கடையை நடத்துகிறார். வாய் மட்டும் சும்மா இருக்காது. செருப்பு வாங்கச் சாயங்காலம் வா, காலையில் சரியாக இருப்பது பொழுது சாய்ந்தால் கடிக்கும் என்பார். ஹீல்ஸைத் தொட்டால் கையைத் தட்டிவிடுவார். உட்கார்ந்தால் காலை ஸ்டூலில் தூக்கி வை, மெட்டி இறுகினால் வீம்பு பிடிக்காமல் கழற்று என்று, கேட்டாலும் கேட்காவிட்டாலும் சொல்லித்தான் அனுப்புவார். ஃபேரர் பார்க் பக்கத்துப் பெண்கள் அதற்காகவே அவரைத் தேடி வருவார்கள்.

ரக்ஷனாவும் அப்படி வந்தவள்தான். செங்காங்கில் வீடு, சிராங்கூன் ரோட்டு நகைக்கடை ஒன்றில் நாள் முழுக்க நின்று பார்க்கும் வேலை, வயிற்றில் ஏழு மாதம்.

"ஆன்ட்டி, கால் வீங்கிருச்சு லா. எந்தச் செருப்பும் ஏற மாட்டேங்குது."

தமிழில் இது ஒரு வம்பு. ஒன்று வீங்கினாலும் கால்தான், இரண்டு வீங்கினாலும் கால்தான். பிடோக்கில் இருக்கும் அம்மாவிடமும் அவள் ஃபோனில் இதையேதான் சொன்னாளாம். மாசமாக இருந்தால் கால் வீங்கத்தான் செய்யும் என்று அம்மா சொல்லிவிட்டார். கணவன் நிதீஷும் அதை நம்பினான். அவர்களைக் குறை சொல்லி என்ன ஆகப்போகிறது? அவர்கள் யாரும் அளந்து பார்க்கவில்லை.

அளந்தவர் சம்சுன்னிசா ஒருவர்தான். முப்பத்தெட்டாம் நம்பர் வலது காலில் கச்சிதமாக உட்கார்ந்தது. இடது கால் நுழையவே இல்லை. கெண்டைக்கால் வரை விம்மிப்போய், தொட்டால் சூடாக இருந்தது.

"வலிக்குதாம்மா?"

"நின்னுட்டே இருக்கேன்ல ஆன்ட்டி, அதான்."

நாற்பதாம் நம்பரைப் போட்டால் இடது காலுக்குச் சரி, வலது காலில் கழன்று ஓடியது. பிள்ளைத்தாய்ச்சி தடுக்கி விழுந்தால் என்னாவது? சம்சுன்னிசா யோசித்தார். இரண்டு பெட்டிகளையும் பிரித்தார். வலதுக்கு முப்பத்தெட்டு, இடதுக்கு நாற்பது.

"ஐயோ, ஜோடியைப் பிரிக்கிறீங்களே! மிச்சத்தை யாரு வாங்குவா?"

"அது என் பாடு. நீ விழாம நட, போதும்."

ரக்ஷனா கடைக்குள்ளேயே மூன்று சுற்று நடந்து காட்டினாள். தன் சாமர்த்தியத்தை நினைத்து அன்றைக்கு முழுக்கச் சம்சுன்னிசாவுக்குத் தலைகால் புரியவில்லை. பக்கத்துப் பூக்கடையில் போய்ச் சொல்லிப் பெருமையடித்துவிட்டும் வந்தார்.

இரண்டு மாதம் கழித்து ஒரு மத்தியானம், மழிக்காத முகத்தோடு ஓர் இளைஞன் கடைக்கு வந்தான். கையில் பிளாஸ்டிக் பை.

"நான் நிதீஷ், ஆன்ட்டி. ரக்ஷனாவோட ஹஸ்பண்ட். இங்க செருப்பு வாங்கினாளே."

"ஆமாப்பா, குழந்தை பொறந்துருச்சா?"

"பொண்ணு. ஆபரேஷன் பண்ணி எடுத்தாங்க. பிள்ளை நல்லாருக்கு." அவன் பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டான். "ரக்ஷனா இல்ல ஆன்ட்டி. கால்ல ரத்தம் உறைஞ்சு லங்ஸுக்குப் போயிருச்சாம். வேலையிடத்துலேயே விழுந்துட்டா."

"யா அல்லா!" சம்சுன்னிசா அப்படியே ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

"ஒரு கால் மட்டும் வீங்கினா உடனே ஆஸ்பத்திரிக்கு வந்திருக்கணுமாம். எங்க யாருக்குமே தெரியல. கால் வீங்குதுன்னுதான் சொன்னா." அவன் பையிலிருந்து செருப்பை எடுத்து மேசைமேல் வைத்தான். "வீட்ல வச்சிருக்க முடியல. தூக்கிப் போடவும் மனசு வரல. இது ஒண்ணுதான் எனக்குச் சரியா இருக்குன்னு சொல்லிட்டே இருந்தா. உங்களுக்கு ஒரு தேங்க்ஸ் சொல்லணும்னு வந்தேன்."

அவர் வாயைத் திறக்காமல் இருந்திருக்கலாம். அவன் நன்றி சொல்லிவிட்டுப் போயிருப்பான். ஆனால் அந்த நன்றியை வாங்கிக்கொள்ள அவருக்கு நெஞ்சு வரவில்லை.

"தம்பி, அது ரெண்டும் வேற வேற சைஸுப்பா. நான்தான் பிரிச்சுக் குடுத்தேன்."

நிதீஷ் இரண்டையும் கவிழ்த்து அடியிலிருந்த எண்களைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான்.

"அப்ப நீங்க பாத்தீங்களா, ஆன்ட்டி?"

"பாத்தேன்பா. தொட்டும் பாத்தேன்."

அவன் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. செருப்பை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போய்விட்டான்.

மேல்தட்டில் விற்காமல் கிடந்த மிச்ச இரண்டையும் சம்சுன்னிசா எடுத்து வந்தார். முப்பத்தெட்டோடு முப்பத்தெட்டு, நாற்பதோடு நாற்பது. இரண்டு ஜோடியும் சரியாகச் சேர்ந்துவிட்டன.