பாடைச்சுழி எருதும் எட்டு மாதம் ஜெபிக்காத நானும்

இன்று மல்லசமுத்திரம் மாட்டுச் சந்தையில், ஓர் அம்மாள் கேட்ட கேள்வியில் விலை பேச்சே நின்றுபோனது.

இருபது வருடமாகப் பேசியே பிழைப்பவன் நான். கூலிக்கு மாடு ஓட்டி வந்தவன், இன்று சொந்தமாக வாங்கி விற்கிறேன். இயேசுவைக் கும்பிடுகிறவன் என்பதால் சந்தையில் எனக்கு 'வேதக்கார வியாபாரி' என்று பெயர்.

மறைக்காமல் சொல்கிறேன். இன்றோடு தொழிலை விட்டுவிடுவதென்று முடிவு செய்துகொண்டுதான் போனேன்.

என் மனைவி எஸ்தர் இறந்து எட்டு மாதம் ஆகிறது. மூன்று நாள் காய்ச்சல், அவ்வளவுதான்.

அன்றிலிருந்து காலையில் பாயை விட்டு எழுவதே ஒரு வேலையாக இருக்கிறது. எதற்கு எழ வேண்டும் என்று தெரியவில்லை.

ஞாயிறு ஆராதனைக்கும் போவதில்லை. போதகர் கேட்டால் முழங்கால் வலி என்பேன். (முழங்கால் நன்றாகத்தான் இருக்கிறது. மண்டியிட மனசு வரவில்லை.)

சந்தைக்குள் நுழைந்ததும் தரகர் பழனி பிடித்துக்கொண்டார்.

"மொதலாளி, இங்க வாங்க. நல்ல சோடிங்க. அந்தம்மாளோட ஊட்டுக்காரரு ரெண்டு மாசம் முன்ன தவறிட்டாருங்க. நின்னு வெலை பேச ஆளில்லைங்க."

அந்த அம்மாளுக்கு முப்பது வயது இருக்கும். இரண்டு எருதின் கயிற்றையும் ஒரே கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

பல் பார்த்தேன். குளம்பு பார்த்தேன். குறை சொல்ல ஒன்றுமில்லை.

ஓர் எருதின் முதுகெலும்புக்கு இருபுறமும் மயிர்ச்சுழி இருந்தது. பாடைச்சுழி என்பார்கள். வைத்திருப்பவனைப் பாடையில் ஏற்றிவிடும் என்று பேச்சு.

எனக்குச் சுழியில் நம்பிக்கை கிடையாது. (விலையைக் குறைக்கும்போது மட்டும் நம்புவேன்.)

வழக்கம்போல உச்சுக்கொட்டினேன். "சுழி சரியில்லீங்களே."

"அதுதானுங்க மொதலாளி, ஆளையே முழுங்கின சுழி. பாத்துப் போட்டுக் குடுங்க" என்று தரகர் தன் துண்டால் என் கையை மூடினார். துண்டுக்கடியில் விரலைப் பிடித்துத்தான் நாங்கள் விலை பேசுவது.

அந்த அம்மாள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, நீங்க வேதக்காரருங்களா?"

"ஆமாங்க."

"வேதக்காரங்களுக்குச் சுழி உண்டுங்களா?"

தரகர் சிரித்தார். "சந்தைக்குள்ள வந்துட்டா எல்லாருக்கும் ஒரே வேதந்தானுங்கம்மா."

அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

"வெலைக்காகக் கேக்கலீங்க. இந்த எருதை எங்கப்பன் ஊட்டுல இருந்து நாந்தான் ஓட்டியாந்தேன். நான் கொண்டாந்த சுழிதான் அவரைக் கொண்டுபோயிருச்சுன்னு, சோறு போடறப்பெல்லாம் மாமியாரு சொல்றாங்க. ஊருல அத்தனை பேரும் சுழி பாக்கறவங்க. ஆரைப் போய்க் கேக்கறது? நீங்க பாக்காதவருன்னு நெனச்சேன். நீங்களும் சரியில்லைங்கறீங்க."

என் கை துண்டுக்குள்ளேயே இருந்தது.

எஸ்தர் போன பிறகு நானும் காரணம் தேடிக்கொண்டுதான் இருந்தேன். ஒரு நாள் முன்பே டாக்டரிடம் போயிருந்தால்? அன்று சந்தைக்குப் போகாமல் இருந்திருந்தால்? கிடைத்த காரணம் ஒவ்வொன்றும் என்னைத்தான் கைகாட்டியது.

கையை வெளியே எடுத்தேன்.

"இல்லீங்க. வெலைக்காகப் பொய் சொன்னேனுங்க. உசுரைக் குடுக்கறதும் எடுக்கறதும் கடவுளுங்க. அதை மாட்டு முதுகுல அவரு எழுதி வெக்கலை. உங்க மேல குத்தமில்லீங்க."

"அப்பறம் அவரு ஏனுங்க போனாரு?"

"தெரியலீங்க. என் ஊட்டுக்காரியும் போயிட்டா. அது ஏன்னும் தெரியலீங்க."

"தெரியாமயே கும்புடறீங்களா?"

நான் கும்பிட்டு எட்டு மாதம் ஆகிறது என்று சொல்லியிருக்க வேண்டும்.

"ஆமாங்க" என்றேன்.

இன்னொரு பொய் சொன்னதாக மனசு உறுத்தவில்லை. எனக்கே அது ஆச்சரியம்தான்.

அவர் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். எருதின் முதுகில், அந்தச் சுழியின் மேலேயே கையை வைத்தார்.

"அப்ப இதை நான் ஏன் விக்கோணும்? நெலத்துல உழவு கெடக்குது."

கயிற்றைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

"கைக்கு வந்த சோடிய வேதம் சொல்லி ஓட்டி உட்டுட்டீங்களே" என்றார் தரகர். "இப்படிப் பேசறதுன்னா அடுத்த வாரம் வராதீங்க சாமி."

"வாரேன்" என்றேன். யோசித்துச் சொல்லவில்லை.

திரும்பும்போது கரி பஸ் சங்ககிரிக்கு முன்னால் மேட்டில் நின்றுவிட்டது. (பெட்ரோலெல்லாம் யுத்தத்துக்குப் போகிறது. எங்களுக்கு அடுப்புக்கரிதான்.) எல்லோரும் இறங்கித் தள்ளினோம்.

தள்ளிக்கொண்டே ஜெபம் செய்தேன். அந்த அம்மாளின் எருது நன்றாக உழ வேண்டும், அடுத்த வாரம் என்னை எழுப்பிவிட வேண்டும். கேட்டது இவ்வளவுதான்.

களைப்பு போய்விட்டதா என்றால், போகவில்லை. வீடு காலியாகத்தான் இருக்கிறது. எஸ்தர் ஏன் போனாள் என்று கடவுள் இன்னும் சொல்லவில்லை. ஆனால் சந்தையில் அந்த அம்மாளுக்குச் சொல்ல ஒரு வார்த்தை கொடுத்தார். அதைச் சொல்ல அங்கே வேறு ஆள் இல்லை. அடுத்த வாரம் எழுவதற்கு எனக்கு அது போதும்.

உங்களில் யாராவது இப்படித் தெரியாமலே கும்பிட்டுக்கொண்டிருக்கிறீர்களா? இருந்தால் ஒரு வார்த்தை சொல்லுங்கள். துணைக்கு ஆள் இருப்பது நல்லது.