ரத்தமா, கொட்டகையா?

போன வாரம் திருப்பதி அலுவலகத்துக்கு என் தோழி ஒருத்தி கஞ்சி வாசம் போகாத புதுப் பருத்திச் சேலையில் வந்தாள். அந்த வாசம் மூக்கில் ஏறியதும் நான் நெசவு ஊரான நகரிக்குப் போய்விட்டேன். பஸ் ஏறவில்லை, நாற்காலியில் இருந்தபடியேதான்.

சில வருஷங்களுக்கு முன்பு அங்கே வேலைக்குப் போனபோது எனக்குப் புள்ளியியல் படித்த திமிர் இருந்தது. காசநோய் சில குடும்பங்களில் மட்டும் ஏன் அதிகம், மரபணுவில் காரணம் உண்டா என்று ஓர் ஆய்வு. வீடு வீடாகப் போய்க் குடும்ப மரம் வரைவது என் வேலை. அக்கா மகளையும் மாமன் மகளையும் கட்டுகிற ஊரில் அது லேசுப்பட்ட காரியமா? "மாமாவும் அவருதான், மாமனாரும் அவருதான்" என்று ஓர் அம்மாள் சிரிக்க, என் மரம் கிளைவிடாமல் தன்னையே சுற்றிக்கொண்டு நின்றது.

சொந்தமாக விசைத்தறிக் கொட்டகை வைத்திருந்த செல்வி வீட்டில் நாலு பேருக்கு நோய் வந்திருந்தது. அவளுக்கும் வந்து, மருந்து முடித்துக் குணமாகியிருந்தாள். புத்தூரில் மாப்பிள்ளை பேசியிருந்தார்கள். "இன்னா மேடம் தெரியுது?" என்று அவள் அப்பா கேட்டார். கணக்கில் பாதிகூட முடிக்காத நான், "ரத்த வழியில வர்ற மாதிரித் தெரியுதுங்க" என்றேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். அடுத்த முறை போனபோது அந்த வார்த்தை புத்தூர்வரை போய், மாப்பிள்ளை வீட்டார் பேச்சை நிறுத்தியிருந்தார்கள். "அது அவங்க ரத்தம்" என்பதே தெரு முழுக்கப் பேச்சு. செல்வியின் தங்கையைப் பெண் கேட்கவும் ஆள் வரவில்லை.

செல்வி என்னை வாசலிலேயே நிறுத்தினாள். "ரத்தம்னா, ரேணிகுண்டாவுல வேலை செஞ்சிகினு கீறானே எங்க அண்ணன், அவனுக்கு ஏன்க்கா வர்ல? எங்க தறி ஓட்டுற மணி எங்களுக்கு இன்னா ஒறவு? அவனுக்கு ஏன் வந்துச்சி?"

எனக்கு அவமானமாக இருந்தது. யாருக்குப் பிறந்தீர்கள், யாரோடு சாப்பிடுகிறீர்கள் என்று கேட்ட என் படிவம், பகலெல்லாம் எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்கவே இல்லை. விசைத்தறிக் கொட்டகைக்குள் போய்ப் பார்த்தேன். நல்ல வெயிலில் எல்லா ஜன்னலும் சாத்தியிருந்தது. "தொறந்தா காத்துல நூலு காஞ்சி அறுந்துபூடும் மேடம்!" என்று அவள் அப்பா இரைச்சலுக்கு மேல் கத்தினார். அடைத்த காற்றையே அத்தனை பேரும் நாள் முழுக்கச் சுவாசித்தார்கள். சொந்தக்காரர்கள் சொந்தக்காரரின் கொட்டகையில்தான் வேலைக்குச் சேர்வார்கள். கொட்டகை செய்த வேலையை நான் ரத்தத்தின் பேரில் எழுதியிருக்கிறேன்.

"சாலும்மா, போதும், இருக்கிறத வச்சி முடிச்சிடு" என்றார் மேலதிகாரி. நான் முடியாது என்றுவிட்டேன். கோடை முழுக்க எல்லா வீட்டுக்கும் மறுபடி நடந்தேன். சொந்தமாக இருந்தும் கொட்டகையில் வேலை செய்யாதவர்கள் ஒரு பக்கம், சொந்தமில்லாமல் அங்கே வேலை செய்தவர்கள் மறுபக்கம் என்று பிரித்தேன். நோய் இரண்டாவது பக்கத்தில்தான் குவிந்திருந்தது. எங்கள் கணக்கில் ரத்தத்துக்குத் தனிப் பங்கு எதுவும் தெரியவில்லை.

செல்வியிடம் ஓடினேன். "என்கிட்ட ஏன்க்கா சொல்ற? அந்தப் பேச்சு எந்தெந்த வூட்டுக்குப் போச்சோ, அங்கெல்லாம் போயி சொல்லு."

போனேன். உட்காரச் சொன்ன வீட்டிலும், முகத்தைத் திருப்பிக்கொண்ட வீட்டிலும், தப்பு என்னுடையது என்று சொன்னேன். கடைசியாகப் புத்தூர். பையனின் அப்பா மோர் கொடுத்து, முழுதும் பொறுமையாகக் கேட்டார். "வந்து சொன்னது நல்லதும்மா. போன வாரந்தான் அவனுக்கு வேற எடத்துல தாம்பூலம் மாத்திட்டோம்."

"அது அவங்க ரத்தம்" என்ற பேச்சு இன்று அந்தத் தெருவில் இல்லை. தங்கையின் கல்யாணத்துக்குச் செல்வியே வந்து என்னை அழைத்தாள், போய் வயிறாரச் சாப்பிட்டும் வந்தேன். பிறகு அவளும் சித்தூரில் வாழ்க்கைப்பட்டாள் என்று கேள்விப்பட்டேன். அந்தக் கல்யாணப் பத்திரிகை எனக்கு வரவில்லை.