மாமாவை வைத்துத் தைத்த சோபா

என் தாய்மாமாவை உயிரோடு சோபாவுக்குள் வைத்துத் தைத்துவிட்டார்கள் என்று நான் நம்பியிருந்தேன். கொஞ்ச நேரம் இல்லை, முழுசாக இரண்டு நாள். சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். என்னிடம் இருந்த சாட்சியங்களைப் பார்த்தால் எந்த நீதவானும் அந்தத் தீர்ப்பைத்தான் எழுதியிருப்பார்.

எனக்கு அப்போது ஏழு வயது. பூண்டுலோயாவுக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில் அப்பா கங்காணி. அக்காவைப் பெண் பார்க்க ஒரு வாத்தியார் வீட்டார் வரப்போவதாகத் தரகர் சொன்ன நாளிலிருந்து அப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. வாத்தியாரைப் போய் பலகை பெஞ்சில் உட்கார வைப்பதா? டவுனிலிருந்து ரெக்சின் துண்டுகளை மாதிரிக்கு வாங்கிவந்து, கன்னத்தில் தேய்த்துப் பார்த்தார், தண்ணீர் ஊற்றிப் பார்த்தார், ஒன்றைக் கடித்தும் பார்த்தார். கடைசியில் நாவல்பழ நிறம் ஜெயித்தது. கடையிலேயே செய்து தூக்கிவந்தால் எங்கள் லயத்து வீட்டின் சின்னக் கதவில் நுழையாது. அதனால் நாங்கள் பாஸ் என்று கூப்பிடும் மெத்தைக்காரர் சட்டம், ஸ்பிரிங்கு, தென்னந்தும்பு எல்லாவற்றையும் சுமந்துவந்து எங்கள் முன்காம்பரா அறையில் வைத்தே சோபாவைக் கட்டினார்.

அவருக்குக் கையாளாக நின்றது மாமா. அம்மாவுக்குக் கடைசித் தம்பி. கொழுந்து லொறியில் வேலை, சாப்பாடு எங்கள் வீட்டில். ஒரு நிமிஷம் வாய் மூடாத மனிதர் அன்றைக்கு ஒரு வார்த்தை பேசவில்லை. ஸ்பிரிங்கு கட்டுவது அவ்வளவு கவனமான வேலை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். பாஸ் மேலிருந்து கயிறு இழுக்க, மாமா சட்டத்துக்கு அடியில் தவழ்ந்து போய் ஸ்பிரிங்குகளைப் பிடித்துக்கொண்டார். வெளியே தெரிந்தது அவருடைய இரண்டு உள்ளங்கால்கள்தான். அந்த நேரம் பார்த்து அம்மா என்னைத் தண்ணீர் பிடிக்க ஊற்றுப் பீலிக்கு விரட்டினாள்.

பீலியில் தவளை பிடித்துவிட்டு நான் வீடு திரும்பியபோது ரெக்சின் ஏறியிருந்தது. அடிப்பக்கமும் கறுப்புத் துணி வைத்து ஆணி அடித்தாகிவிட்டது. மாமாவைக் காணோம். பாஸிடம் கேட்டேன். அவர் வாயில் கவ்வியிருந்த ஆணிகளைத் துப்பிவிட்டுச் சொன்னார்.

"ஒங்க மாமாவா? தும்பு பத்தல தம்பி. உள்ள வச்சுத் தச்சுட்டேன்."

வேடிக்கைதான் என்று எனக்கும் தெரிந்தது. ஆனால் சாயங்காலம் அப்பாவிடம் மாமா எங்கே என்று கேட்டபோது அவர் முகம் கல்லாகிவிட்டது. அந்தப் பேச்சை இனி எடுக்கக் கூடாது என்றார். அம்மா வெங்காயமே இல்லாமல் அழுதாள். பறித்த கொழுந்தை நிறுத்துக் கொடுத்துவிட்டு வந்த அக்கா, ஒரு வாய் சாப்பிடாமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டாள். பாஸ் சொன்னது வேடிக்கையல்ல, ஒப்புதல் வாக்குமூலம்!

சோபாவைப் பராமரிக்க அப்பா சட்டங்கள் போட்டார். யாரும் உட்காரக் கூடாது. ஈரத்துணி படக் கூடாது, பனியன் துணியால் பூப்போலத் துடைக்க வேண்டும். ஜன்னலைத் திறந்தால் பனி வந்து பூஞ்சணம் பிடிக்கும், திறக்கக் கூடாது. ஜன்னலும் இல்லையென்றால் மாமா எப்படி மூச்சு விடுவார்? யாரும் பார்க்காத நேரத்தில் பழைய குடைக் கம்பி ஒன்றால் அடித்துணியில் ஓட்டை போட்டேன். ஒரு ஓட்டையைப் பெரிதாக்கி ரொட்டித் துண்டு ஒன்றைத் திணித்து, "மாமா, சம்பல் இல்ல, வெறும் ரொட்டிதான்" என்று மன்னிப்பும் கேட்டேன். காலையில் கையை விட்டுத் தடவினேன். ரொட்டி இல்லை. எலி என்று ஒரு ஜீவன் உலகத்தில் இருப்பது எனக்கு ஞாபகமே வரவில்லை. மாமா சாப்பிடுகிறார் என்ற சந்தோஷத்தில் கண்ணில் நீர் கோத்துக்கொண்டது.

ஞாயிற்றுக்கிழமை வாத்தியார் வீட்டார் வந்தார்கள். வாத்தியார் ஒல்லி, ஓரமாக உட்கார்ந்தார். அவரைப் பற்றி எனக்குக் கவலையில்லை. அவருடைய அம்மா வாசலை அடைத்துக்கொண்டு உள்ளே வந்தபோதுதான் என் குலை நடுங்கியது. அவர் சோபாவின் நட்டநடுவில், மாமாவின் நெஞ்சு இருக்கக்கூடிய இடமாகப் பார்த்து உட்கார்ந்தார். உள்ளேயிருந்து நீளமாக ஒரு முனகல் எழுந்தது.

நான் ஓடிப்போய் அந்த அம்மாவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"எந்திரிங்க பெரியம்மா, எந்திரிங்க! எங்க மாமா உள்ள இருக்காரு, செத்துருவாரு!"

தரகர் கையைத் தட்டிச் சிரித்தார். வாத்தியாரும் சிரித்தார். அப்பாகூடப் பல்லைக் காட்டினார். அப்போது பலகாரத் தட்டோடு அக்கா உள்காம்பராவிலிருந்து வந்துகொண்டிருந்தாள். தட்டு கீழே விழுந்தது. அக்கா அதைக் குனிந்து எடுக்கவில்லை. நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, குலுங்கிக் குலுங்கி அழுதாள். சிரிப்புகள் ஒவ்வொன்றாக அணைந்தன. எனக்கு ஒரே ஆச்சரியம். மாமா உள்ளே இருப்பது அக்காவுக்கும் தெரிந்திருக்கிறது, இத்தனை நேரம் சும்மா இருந்திருக்கிறாளே!

வாத்தியாரின் அம்மா அக்காவைப் பார்த்தார். பிறகு அப்பாவைப் பார்த்தார். குரலை உயர்த்தாமல் கேட்டார்.

"பொண்ணுக்குக் கட்டிக்கிற வயசுல தாய்மாமன் இருக்காங்களா?"

அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் கூரைத் தகரத்தை ஆராய்ந்தார்.

"மொறைமாமன் இருக்க, அந்தப் புள்ளைய இப்படி அழ வச்சு எங்க வீட்டுக்கு அனுப்புவீங்களா கங்காணி? எந்திரிப்பா, போவோம்" என்று மகனிடம் சொல்லி எழுந்தார். போகிறபோது என் தலையைத் தடவிவிட்டுப் போனார். என் உதவியால் ஓர் உயிர் பிழைத்ததற்கு அந்த அம்மா நன்றி சொல்கிறார் என்று எடுத்துக்கொண்டேன். அவர் படியிறங்கியதும் குடைக் கம்பியை எடுத்துக்கொண்டு சோபாவுக்கு அடியில் புகுந்து கறுப்புத் துணியைக் கிழித்தேன். ஸ்பிரிங்கும் தும்பும்தான் இருந்தன. அப்பா என்னை அடிக்கவில்லை. அதுதான் எனக்கு எல்லாவற்றையும்விடப் பயமாக இருந்தது.

நடந்தது இவ்வளவுதான். அக்காவைத் தனக்குத் தரும்படி மாமா அப்பாவிடம் கேட்டிருக்கிறார். லொறியில் தொங்குகிறவனுக்குப் பெண் இல்லை என்று அப்பா சொல்லிவிட்டார். நான் பீலியில் இருந்த நேரத்தில், காரியம் முடியும்வரை இந்தப் பக்கம் தலைகாட்டாதே என்று மாமாவை டயகமவிலிருந்த பெரிய மாமா வீட்டுக்கு பஸ் ஏற்றிவிட்டார். ஸ்பிரிங்குகளைக் கடைசி முடிச்சுவரை பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மாமா போயிருக்கிறார்.

திங்கட்கிழமை காலை அப்பா ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகவில்லை. டயகமவுக்கு பஸ் ஏறிப் போய், மாமாவைக் கூட்டிக்கொண்டு வந்தார்.