ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் பாடிய பெட்டி

என் மகள் போன வாரம் கட்டைவிரல் நீளத்துக்கு ஒரு சாமான் வாங்கிவந்தாள். போனுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் செருகுவது. "இதோட ஒரு தடவை கேளுங்கப்பா, இது இல்லாம ஒரு தடவை கேளுங்க. வித்தியாசம் தெரியும்" என்றாள். கேட்டேன். தெரிந்ததாகச் சொன்னேன். அவளுக்குச் சந்தோஷம். இந்த மாதிரி விஷயத்தில் எனக்குப் பழைய அனுபவம் உண்டு என்பது அவளுக்குத் தெரியாது. உங்களிடம் சொல்வதற்கென்ன.

அந்தச் சாமானின் பெயர் டேக். சிடியில் பாட்டு பாட்டாக இருப்பதில்லை, எண்களாக இருக்கிறது. பாலைப் பொடியாக்கி டப்பாவில் அடைப்பதைப் போல. அந்தப் பொடியைக் கரைத்துத் திரும்பப் பாலாக்கித் தருவதுதான் டேக்கின் வேலை. சிடி பிளேயருக்குள்ளேயே ஒன்று இருக்கும். அது போதாது, தனிப் பெட்டியாக நல்லதொன்று வேண்டும் என்று ஏங்குகிறவர்கள் உலகம் முழுக்கக் கொஞ்சம் பேர் உண்டு. இரண்டாயிரத்தை ஒட்டிய வருஷங்களில் உத்திரமேரூரில் எனக்குத் தெரிந்து ஒரே ஒருவன் இருந்தான். சலீம்.

நான் அப்போது கூட்டுறவுச் சங்கத்தில் எழுத்தராகச் சேர்ந்த புதிது. பஜாரில் கமால் பாயின் ஃபேன், மிக்ஸி கடைக்கு மேலே ஓர் அறையில் வாடகைக்கு இருந்தேன். சலீம் அவருடைய ஒரே மகன், என் வயதுக்காரன். கடையின் பின்கட்டில் உட்கார்ந்து ரிப்பேர் பார்ப்பான். அவன் ஈயம் பற்றவைக்கும் புகை மாடிப்படி ஏறி என் அறைக்கு வந்துவிடும். குங்கிலியம் கருகினாற்போல ஒரு வாசனை. என் சட்டைகளில் எல்லாம் அதுதான். ஒருநாள் சங்கத்து மேனேஜர், "இன்னாபா, காலைலயே கோயிலுக்குப் பூட்டு வர்றியா?" என்றார். ஆமாம் என்று சொல்லி நல்ல பெயர் வாங்கிக்கொண்டேன்.

அந்தப் புகையில்தான் சலீமின் டேக் உருவானது. எங்கோ காயலான் கடையில் கிடைத்த வெளிநாட்டு சிடி பிளேயரிலிருந்து, எண்ணைப் பாட்டாக்கும் 'சிப்' என்கிற சில்லைப் பெயர்த்தான். மிச்ச சாமானுக்கு மெட்ராஸ் போய் அலைந்தான். எல்லாவற்றையும் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் அடக்கினான். அது அவன் அம்மா மிளகாய் வற்றல் போட்டுவைத்திருந்த டின். தும்மிக்கொண்டேதான் பற்றவைத்தான். கொஞ்ச நேரம் ஓடினால் போதும், மூடியில் கை வைக்க முடியாது. இப்படிச் சுடலாமா என்று கேட்டேன். "சூடு கீதுன்னா வேல செய்யுதுன்னு அர்த்தம்" என்றான். பின்கட்டையே பட்டறையாக்கி இந்த மாதிரிப் பெட்டிகள் செய்து விற்க வேண்டும் என்பது அவன் ஆசை. வாங்குகிறவர்கள் மெட்ராஸிலிருந்து தேடி வருவார்கள் என்று அவன் சொல்லும்போது எனக்கே நம்பிக்கை வந்துவிடும்.

அந்த நேரத்தில் அவன் அக்கா புருஷன் துபாயிலிருந்து லீவில் வந்தார். கையோடு இரண்டு சாமான்கள். ஒன்று, கறுப்பு நிறத்தில் வழவழவென்று ஒரு சீமை டேக். இன்னொன்று, சலீமுக்கு விசா. நல்ல மனுஷர்தான். பிஸ்கட் டின்னைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சலீமு, எம்பொட்டிக்கு சமமா இது பாடிடுச்சின்னா நீ வரவே வேணாம். மாமாகிட்ட சொல்லி பின்கட்ட உனுக்கே வாங்கித் தரேன். இல்லன்னா மூட்டையக் கட்டு" என்றார். சலீம் அந்த இடத்திலேயே கை கொடுத்தான்.

கமால் பாய்க்கு மகனை அனுப்ப மனசே இல்லை. அவன் சாப்பாட்டுக்கு வரத் தாமதமானாலே கடைவாசலில் போய் நிற்கிற ஆள். ஆனால் மாப்பிள்ளை பேச்சை மறுத்துப் பேச அவருக்கு வாய் வராது.

ஒரு வெள்ளிக்கிழமை ஜும்மா தொழுகை முடிந்து கடையை ஒருக்களித்துச் சாத்திவிட்டுப் போட்டி நடந்தது. கேட்டுச் சொல்ல மூன்று பேர். மாப்பிள்ளை ஒருவர். இன்னொருவர் மானாம்பதி ஏகாம்பரம். மோட்டார் காயில் கட்டக் கடைக்கு வருகிற விவசாயி, சுற்றுவட்டாரத்தில் எந்தக் கோயில் திருவிழா என்றாலும் தவில்காரருக்குப் பக்கத்தில் இடம் பிடித்துவிடுவார். போட்டிக்குப் போட்ட நாதஸ்வர சிடியும் அவருடையதுதான். மூன்றாவது நான். என் தகுதி, மாடியில் குடியிருந்தது. சலீம் தன் பெட்டியின் குரலைக் கண்டுபிடித்துவிடுவான் என்று அவனை எதிர் டீக்கடைக்கு அனுப்பிவிட்டார்கள்.

பெட்டிகள் கண்ணுக்குத் தெரியக் கூடாது என்று குறுக்கே கயிறு கட்டி ஜமக்காளம் தொங்கவிட்டோம். அதற்குப் பின்னால் ஒயர் மாற்றுகிற வேலை கமால் பாய்க்கு. ஐந்து வேளை தொழுகிறவர், எந்தப் பக்கமும் சாய மாட்டார் என்று மாப்பிள்ளையே சொன்னார். ஸ்டெபிலைசரில் ப்ளக் செருக ஒரே இடம்தான். அதனால் ஒரு பெட்டியைப் பிடுங்கிவிட்டு மற்றதைச் செருக வேண்டும். சலீம் அவருக்கு அதை முன்னாடியே சொல்லிக்கொடுத்திருந்தான்.

முதல் பெட்டி பாடியது. பிறகு ஜமக்காளத்துக்கு அந்தப் பக்கம் லொட்டு லொட்டென்று சத்தம், பாயின் இருமல். இரண்டாவது பாடியது.

"மொத பொட்டி நல்லாத்தான் கீது. ஆனா ரெண்டாவதுல தவுலுக்காரன் பக்கத்துல குந்திக்கினு அடிக்கிறாப்புல கீது" என்றார் ஏகாம்பரம்.

"ஊதறவரு மூச்சு இழுக்கறது மொதல்ல கேக்கல. ரெண்டாவதுல கேட்டுச்சு" என்றார் மாப்பிள்ளை.

நான் சும்மா இருந்திருக்கலாம். ஏதோ இங்கிலீஷ் பத்திரிகையில் படித்ததை வைத்து, இரண்டாவதில் கீழ்ச்சுருதி இறுக்கம், மேல்சுருதி பளிங்கு, நடுவில் ஒரு காற்றோட்டம் என்று பேசிக்கொண்டே போனேன். ஏகாம்பரம் மரியாதையாகக் கேட்டுக்கொண்டிருந்தார்.

"ரெண்டாவது எது பாய்?"

ஜமக்காளத்தின் மேலாகப் பாயின் தலை தெரிந்தது. வேர்த்திருந்தது. "ரெண்டாவது நம்ம சலீமோடது" என்றார்.

மாப்பிள்ளை தோற்ற வருத்தமே இல்லாமல் டீக்கடைக்கு ஓடிப்போய் சலீமைக் கட்டிப்பிடித்தார். ஏகாம்பரம் த்ரீ பேஸ் கரண்ட் வந்துவிடும், மோட்டார் போட வேண்டும் என்று சைக்கிளை எடுத்தார். எல்லோரும் நாஷ்டா வாங்கக் கிளம்ப, நானும் சலீமும் ஜமக்காளத்தை மடித்தோம்.

சலீம் தன் டின்னைச் செல்லமாகத் தட்டினான். தட்டிய கை அங்கேயே நின்றது. அப்புறம் உள்ளங்கையை விரித்து வைத்துப் பார்த்தான். பிறகு சீமைப் பெட்டியைத் தொட்டான். அது வெதுவெதுவென்றிருந்தது. என் கையை இழுத்து டின் மேல் வைத்தான். தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்றிருந்தது.

"ஆறிப்போயிருக்கும்டா" என்றேன்.

"ஆறல. ஏறவே இல்ல" என்றான்.

இரண்டு தடவையும் பாடியது மாப்பிள்ளையின் பெட்டிதான். பாய் ப்ளக்கைத் தொடவே இல்லை. ஒரே பெட்டியை இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் நாங்கள் மூன்று பேரும் அத்தனை வித்தியாசம் சொல்லியிருக்கிறோம். தினமும் மாடியிலிருந்து சலீமின் பெட்டியைக் கேட்டவன் நான். எனக்காவது உறைத்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வந்தது. சலீமுக்கு வரவில்லை.

"யார்கிட்டயும் சொல்லாத" என்றான். டின்னின் ஒயரைச் சுற்றிக்கொண்டே, "தோத்திருந்தா சண்ட போட்டாவது இங்கியே இருந்திருப்பன். அத்தா எம்பொட்டிய நம்பலையேடா" என்றான்.

காக்கைக்கும் தன் குஞ்சு பொன் குஞ்சு என்பார்கள். பாய்க்கோ குஞ்சு பொன்னா பித்தளையா என்று உரசிப் பார்க்கவே பயம். உரசினால் பறந்துவிடுமோ என்ற பயம். எனக்கு அது புரிந்தது. சலீமுக்கும் புரிந்திருக்கும். புரிந்தாலும் வலிக்காமல் இருக்குமா?

மறுநாளே மாப்பிள்ளையிடம் விசாவுக்குச் சம்மதம் சொல்லிவிட்டான். கிளம்புவதற்கு முன் டின்னைப் பிரித்து, சில்லைக் கழற்றி எறிந்துவிட்டு, கழுவி அம்மாவிடம் கொடுத்தான். அதில் மறுபடியும் மிளகாய் வற்றல் ஏறியது.

எனக்கு மாற்றலாகி, கல்யாணமாகி, பல வருஷம் கழித்து ஒருமுறை உத்திரமேரூர் போனேன். பாய் தளர்ந்திருந்தார். கடையில் பாதி அலமாரி காலி. டீ வரவழைத்துக் கொடுத்துவிட்டு, தெருவைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அன்னிக்கு நான் ஒயர மாத்தவே இல்ல தம்பி. புள்ள தோத்துட்டா பூடுவானேன்னு பயம்." நான் டீயைக் குடித்தேன். "கெலிக்க வெச்சேன். அப்பவும் பூட்டானே. ஏன்னுதான் இன்னிக்கி வரைக்கும் புரியல" என்றார்.

சொல்லாதே என்று சலீம் சொல்லியிருந்தான். அவன் அப்படிச் சொல்லியிருக்காவிட்டாலும் அந்தக் காரணம் என் வாயிலிருந்து வந்திருக்காது.

பாய் இப்போது இல்லை. கடை இருந்த இடத்தில் செல்போன் உறை விற்கிறார்கள். ஏகாம்பரம் நிலத்தை மனை போட்டு விற்றுவிட்டு மகனோடு போய்விட்டார். சலீம் துபாயிலேயே ஏசி மெக்கானிக். போனில் பேசினால் பிள்ளைகள் படிப்பைப் பற்றிப் பேசுவான், பாட்டைப் பற்றி ஒரு வார்த்தை வராது. எந்தப் பெட்டி உசத்தி என்பது எங்களில் யாருக்கும் தெரியாது, இனிமேல் தெரியவும் போவதில்லை. அன்றைக்கு இரண்டும் ஒரே மேசையில், கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. ஒரு ப்ளக்கைப் பிடுங்கி இன்னொன்றைச் செருகியிருந்தால் போதும்.