இரண்டு கண்ணிலும் சந்தனம்

அன்று காலை வேனில் இருந்தவர்களை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்சீட்டில் டீச்சர். அவருக்குப் பின்னால் லீடர் பிள்ளை. அதன் பக்கத்தில் வயர் பிள்ளை. கடைசி சீட்டில் கம்ப்யூட்டர் பிள்ளை, மடியில் கொப்பியோடு. அதற்குப் பக்கத்தில் குக்கர் வந்த அட்டைப்பெட்டி ஒன்று. பெட்டிக்கும் பெல்ட் போட்டிருந்தார்கள். அதற்குள் ரோபோ. ஸ்டியரிங்கில் நான்.

பிள்ளைகளுக்கு இந்தப் பெயர்கள் நான் வைத்தவை. லீடர் பிள்ளை மற்றவர்களை அதட்டும். வயர் பிள்ளை ஈயம் உருக்கி வயர் ஒட்டும். கம்ப்யூட்டர் பிள்ளை ரோபோ என்ன செய்ய வேண்டும் என்று கம்ப்யூட்டரில் எழுதிக் கொடுக்கும். மூன்றும் தரம் பத்து. கம்ப்யூட்டர் பிள்ளை ஹந்தானைப் பக்கத் தேயிலைத் தோட்டத்திலிருந்து வரும். காலையில் வேனில் ஏறும்போது ஒரு தலையாட்டு, இறங்கும்போது ஒரு தலையாட்டு. அதற்கு மேல் பேச்சில்லை. நானும் அப்படித்தான். அதனால் எங்கள் இருவருக்கும் ஒத்துப்போனது.

டீச்சர் விஞ்ஞானம் படிப்பித்தார். ஊர் அக்குறணை; அங்கத்தைய பேச்சில் 'சொல்' என்பது 'செல்' என்று வரும். அவருடைய வாப்பாவுக்கு அங்கே இரும்புக்கடை. ரோபோவில் பாதி அந்தக் கடையிலிருந்து வந்தது. ஆணி, நட்டு, தகரத் துண்டு, எல்லாவற்றையும் கைப்பையில் போட்டு எடுத்து வருவார். பை கனக்கும். முன்சீட்டில் வைக்கும்போது டங்கென்று சத்தம் கேட்கும். எது பழுதானாலும் அவர் ஏசமாட்டார். யார் செய்தது என்று கேட்கவும் மாட்டார். "சரி, கழட்டிப் பாப்பம்" என்பார். அவ்வளவுதான். ஒருநாள் என் வேன் கதவு இறுகிப்போய்த் திறக்கவில்லை. நான் அதை உதைத்துக்கொண்டிருந்தேன். "ஒதைக்காதீங்க அண்ணே, கழட்டிப் பாப்பம்" என்று பையைத் திறந்து ஸ்குரூட்ரைவரை நீட்டினார். கழற்றினோம். உள்ளே ஒரு பிள்ளையின் பென்சில் கிடந்தது.

அந்த ரோபோ பட்ட பாடு கொஞ்சமில்லை. முந்தின வருஷம் போட்டிக்கு பஸ்ஸில் போனார்கள். மகையாவையில் பஸ் பிரேக் அடித்தபோது மேல்தட்டில் இருந்த பெட்டி கீழே விழுந்தது. அதன்மேல் ஒருவர் கால் வைத்துவிட்டார். ஒரு சக்கரம் வளைந்துபோனது. போட்டியில் ரோபோ ஒரே இடத்தில் வட்டம் போட்டது. பூச்சியம். திங்கட்கிழமை பாடசாலையில் இவர்களுக்கு 'முட்டை டீம்' என்று பெயர் வந்துவிட்டது. ஒருவன் உண்மையாகவே அவித்த முட்டை ஒன்றைக் கொண்டுவந்து இவர்களுடைய ரோபோ அறை வாசலில் வைத்தானாம். வயர் பிள்ளை அதை எடுத்துத் தின்றுவிட்டது என்று லீடர் பிள்ளை வேனில் சொல்லிச் சிரித்தது.

பிறகு பெட்டரி வயரை மாற்றிக் கொடுத்துப் புகை வந்தது. மேசையிலிருந்து ஓடி விழுந்து முன்பக்கம் உடைந்தது. ஒருநாள் இடைவேளையில் ஜன்னலைப் பூட்ட மறந்துவிட்டார்கள். குரங்கு வந்து சக்கரத்தின் ரப்பரைக் கழற்றிக்கொண்டு போய்விட்டது. மாமரத்தில் இருந்து அதைக் கடித்துக் கடித்துப் பார்த்தது. பிள்ளைகள் கீழே நின்று வாழைப்பழம் காட்டினார்கள். குரங்கு பழத்தை வாங்கிக்கொண்டது. ரப்பரைத் தரவில்லை. டீச்சர் மரத்தை அண்ணாந்து பார்த்தார். "அது எங்களவிட நல்லாக் கழட்டுது" என்றார்.

இதையெல்லாம் கேட்டு அதிபர் சேருக்குப் பொறுமை போய்விட்டது. பாடசாலையில் அறை குறைவு. அந்த அறையை நடன வகுப்புக்குக் கேட்டுக்கொண்டிருந்தார்கள். "இந்த முறையும் பூச்சியம் எண்டா அறையை விட்டிரணும் டீச்சர். ஒரு புள்ளி எடுத்தாலும் பரவாயில்ல, வெச்சுக்கொள்ளுங்க" என்று சொல்லிவிட்டார். டீச்சர் அதை எனக்குச் சொன்னது கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில், வாகன நெரிசலில். பத்து நிமிஷம் வேன் நகரவில்லை. அவர் ஆற்றைப் பார்த்துக்கொண்டிருந்தார். அறை போனால் பிள்ளைகள் சாமான்களை வைக்கக்கூட இடமில்லை, எல்லாம் அதோடு முடிந்தது என்றார். இந்த முறை நானே கூட்டிப்போகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போட்டி பிலிமத்தலாவைக்குக் கிட்ட ஒரு மண்டபத்தில். சனிக்கிழமை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. தூரப் பயணம், புதுக் காரியம் என்றால் பேராதனைப் பாதையில் ஒரு பிள்ளையார் கோவிலில் நிறுத்தித் தேங்காய் உடைப்பேன். அன்றும் நிறுத்தினேன். லீடர் பிள்ளையும் கம்ப்யூட்டர் பிள்ளையும் கோவிலைச் சுற்றப் போனார்கள். வயர் பிள்ளை அவர்களோடு இறங்கிக் கடலை வாங்கப் போனது. டீச்சர் வேனிலேயே இருந்தார். ஐயர் இலையில் சந்தனம் தந்தார். வேனின் முன்விளக்கு இரண்டுக்கும் வைத்தேன். கண்ணாடிக்கு வைத்தேன். பிறகு பின்பக்கம் போய்ப் பெட்டியைத் திறந்தேன். ரோபோவின் முன்னால் இரண்டு வட்டம், வெள்ளிச் சல்லடை போட்டது. பார்த்தால் அச்சு அசல் முன்விளக்கு. வேனுக்கு வைத்தோம், போட்டிக்குப் போகிறது இதுதானே என்று இரண்டிலும் ஒவ்வொரு பொட்டு வைத்தேன்.

வைத்த பிறகு கூச்சமாக இருந்தது. பெரிய இடத்துப் பிள்ளைகள் வரும் இடம். பார்த்துச் சிரித்தால் எங்கள் பிள்ளைகளுக்கு அவமானம். சட்டைப் பையிலிருந்து லேஞ்சியை எடுத்து நன்றாக அழுத்தித் துடைத்தேன். மஞ்சள் போய் வெள்ளி தெரிந்தது. பெட்டியை மூடினேன். தலை நிமிர்ந்தபோது முன்சீட்டிலிருந்து டீச்சர் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். உடனே முன்னால் திரும்பிக்கொண்டார்.

மண்டபத்தில் பலகையடித்துச் சந்து சந்தாகத் தடம் கட்டியிருந்தார்கள். ரோபோ யாரும் தொடாமல் தானாகவே போக வேண்டும். ஒரு வாசல் தாண்டினால் ஐந்து புள்ளி. சுவரில் பட்டால் ஒரு புள்ளி வெட்டு. இரண்டு முறை ஓடலாம், இரண்டில் கூடின புள்ளியை எடுப்பார்கள். எல்லாம் சிங்களத்தில் சொன்னார்கள். நான் பிள்ளைகளுக்குத் தமிழில் சொன்னேன். எனக்குக் கிடைத்த வேலை அது ஒன்றுதான்.

எங்கள் முறை வந்தது. லீடர் பிள்ளை ரோபோவைக் கோட்டில் வைத்து சுவிட்சைத் தட்டியது. ரோபோ அரை அடி முன்னால் போனது. நின்றது. பின்னால் வந்தது. திரும்பியது. மறுபடி நின்றது, பின்னால் வந்தது. முன்னால் ஒன்றுமே இல்லை. வெறும் பாதை. அது மட்டும் எதையோ கண்டு பயந்த மாதிரிப் பின்வாங்கியது. பார்த்துக்கொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். நேரம் முடிந்து மணி அடித்தது. நடுவர் பலகையில் ஒரு வட்டம் போட்டார்.

அரை மணி நேரத்தில் இரண்டாவது ஓட்டம். மூலையில் ஒரு மேசை தந்திருந்தார்கள். லீடர் பிள்ளைக்குக் கண் சிவந்துவிட்டது.

"நேத்துப் பின்னேரம் என்னாத்தையோ மாத்துனியே, என்னா மாத்துன?"

"ஒரு நம்பர்தான்" என்றது கம்ப்யூட்டர் பிள்ளை.

"ஒரு நம்பரு! நல்லா ஓடுனத ஏன் நோண்டுற? முட்டை போட ஆசையா ஒனக்கு?"

கம்ப்யூட்டர் பிள்ளை மேசைப் பக்கம் திரும்பிக்கொண்டது. கொப்பியைத் திறந்தது. எழுதியிருந்ததை விரலால் தடவித் தடவிப் பார்த்தது. ஒரு சொட்டுக் கண்ணீர் கொப்பியில் விழுந்தது. அதையும் விரலால் துடைத்தது. பிறகு கம்ப்யூட்டரை இழுத்துப் பழைய நம்பரைப் போடப் போனது.

"நில்லுங்க மகள், மாத்த வாணாம். கழட்டிப் பாப்பம்" என்றார் டீச்சர். வயர்களைப் பார்த்தார். பெட்டரியைப் பார்த்தார். சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தார். எல்லாம் சரி. முன்பக்கம் மட்டும் அவர் கை போகவில்லை. நான் வயர் பிள்ளையிடம் மெதுவாகக் கேட்டேன்.

"இது எதால பார்க்குது?"

"இந்த ரெண்டு வட்டம்தான் மாமா கண்ணு. ஒன்னு சத்தம் விடும், மத்தது கேக்கும். சுவர் கிட்ட வந்தா தெரிஞ்சிரும்."

குனிந்து பார்த்தேன். வட்டத்தின் மேல் சந்தனம் இல்லை. சல்லடையின் சின்னச் சின்ன ஓட்டைகளுக்குள் இருந்தது. நான் அழுத்தித் துடைத்தேனே, அப்போது உள்ளே இறங்கியிருக்கிறது. காய்ந்து அடைத்து, இல்லாத சுவரை அதற்குக் காட்டிக்கொண்டிருந்தது. நிமிர்ந்தேன். டீச்சர் என்னைப் பார்த்தார். பிறகு கொப்பியைப் பார்த்தார்.

நல்லது நடக்கட்டும் என்று வைத்தது. அதுதான் கெடுத்தது என்று எப்படிச் சொல்வது. சொன்னால் சாமியைக் குறை சொன்ன மாதிரி. சொல்லாவிட்டால் அந்தப் பிள்ளை சரியாக எழுதியதை அழித்துத் தப்பாக எழுதும். அறையும் போகும். கம்ப்யூட்டர் பிள்ளை மூக்கை உறிஞ்சியது. அந்தச் சத்தம் என்னால் தாங்க முடியவில்லை.

"அந்தப் புள்ள மேல தப்பு இல்ல. நான்தான். கோவில்ல அதுக்குச் சந்தனம் வச்சேன். கண்ணுல."

மூன்று பிள்ளைகளும் என்னைப் பார்த்தார்கள். டீச்சர் மூச்சை விட்டார்.

"நான் கண்டேன் அண்ணே. வெச்சதையும் கண்டேன், தொடச்சதையும் கண்டேன். ஒண்டும் செல்லல்ல."

"ஏன் டீச்சர்?"

"ஒங்கட கோயில் விஷயம். நான் வாயத் தொறந்தா நீங்க வேற மாதிரி எடுப்பீங்களோண்டு பயந்திட்டேன். இங்க வந்த பொறகும் அதுதான். செல்ல ஏலாமப் போச்சு."

"நீங்க சொல்லியிருந்தா நான் ஒன்னும் நெனச்சிருக்க மாட்டேன்."

"இப்ப தெரியும்" என்றார்.

லீடர் பிள்ளை இடுப்பில் கை வைத்தது. "அப்ப பெரிய ஆளுங்க ரெண்டு பேரும் மரியாதை பார்த்து எங்களுக்கு முட்டை வாங்கித் தந்திருக்கீங்க." வயர் பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தது. கம்ப்யூட்டர் பிள்ளையும் சிரித்தது. அது சிரித்து நான் பார்த்தது அன்றுதான்.

தண்ணீர் பட்டால் கெட்டுவிடும் என்றார்கள். டீச்சர் தன் ஸ்கார்பில் குத்தியிருந்த ஊசிகளில் ஒன்றைக் கழற்றினார். ரோபோவை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு ஓட்டையாகக் குத்தி எடுத்தார். நான் டோர்ச் பிடித்தேன். வயர் பிள்ளை ஊதி விட்டது. லீடர் பிள்ளை கம்ப்யூட்டர் பிள்ளைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தது. கடலைப் பொட்டலத்தை அதன் பக்கம் தள்ளியது.

ஒரு கண் முடிந்தது. மற்றதில் பாதி இருக்கும்போது எங்கள் பெயரைக் கூப்பிட்டுவிட்டார்கள். நான் நடுவரிடம் ஓடினேன். இளம் ஆள். சிங்களத்தில் நடந்ததைச் சொன்னேன். விளக்கு என்று நினைத்துச் சந்தனம் வைத்துவிட்டேன், பிள்ளைகள் பிழையில்லை என்றேன். அவர் என்னை ஒரு தடவை பார்த்தார். தன்னுடைய அம்மாவும் புது மோட்டார் சைக்கிளின் மீட்டரில் விகாரையில் ஓதித் தந்த பிரித் தண்ணீர் தெளித்து அதைக் கெடுத்தவர் என்றார். அடுத்த அணியை முதலில் கூப்பிட்டார். அதற்குள் டீச்சர் மற்றக் கண்ணையும் முடித்துவிட்டார்.

டீச்சர் இப்போது மாற்றலாகிக் கலகெதரப் பக்கம் படிப்பிக்கிறார். அங்கேயும் ரோபோ தொடங்கிவிட்டாராம். எப்போதாவது போன் எடுப்பார். என்ன பழுது, எப்படிக் கழற்றினார்கள் என்று சொல்வார். நான் கேட்டுக்கொண்டிருப்பேன். இங்கே அந்த அறையில் இப்போது வேறு பிள்ளைகள். போட்டிக்கு நான்தான் கூட்டிப்போகிறேன். கோவிலில் நிறுத்துகிறேன். சந்தனம் வைக்கிறேன், பெட்டிக்கு. வைக்கும் முன் டீச்சர்மாரிடம் இங்கே வைக்கலாமா என்று கேட்கிறேன். கேட்க வெட்கமில்லை. அவர்களும் வெட்கமில்லாமல் பதில் சொல்கிறார்கள்.

அன்று இரண்டாவது ஓட்டத்தில் ரோபோ நேராகப் போனது. முதல் வாசல். சுவருக்குக் கிட்ட நின்றது, யோசித்தது, திரும்பியது. இரண்டாம் வாசல். அங்கே ஒரு தடவை சுவரில் உரசியது. அடுத்த வளைவில் இன்னொரு தடவை. மூன்றாம் வாசல். அதற்கப்பால் விரிப்பு மடிந்த இடத்தில் சக்கரம் மாட்டி, மணி அடிக்கும்வரை அங்கேயே துடித்துக்கொண்டிருந்தது. வென்ற பிள்ளைகள் எல்லா வாசலும் தாண்டினார்கள். எங்கள் மேசையில் அதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. லீடர் பிள்ளை கம்ப்யூட்டர் பிள்ளையைத் தூக்கிச் சுற்றியது.

டீச்சர் அங்கிருந்தே அதிபர் சேருக்குப் போன் எடுத்தார். எடுத்து, தான் பேசாமல் கம்ப்யூட்டர் பிள்ளையிடம் கொடுத்தார். "நீங்க செல்லுங்க மகள்" என்றார். அது போனைக் காதில் வைத்துக்கொண்டு விழித்தது. அந்தப் பக்கம் எத்தனை புள்ளி என்று சேர் கேட்டது எனக்கும் கேட்டது. பிள்ளை பலகையைத் திரும்பிப் பார்த்து, மண்டபம் முழுக்கக் கேட்கும்படி சொன்னது.

பதின்மூன்று.